கத்தியின் விலையா, வரிசையின் விலையா?

ஒரு மடக்குக்கத்திக்கு 500 டொலரா என்று மூக்கில் விரல் வைப்பவர்களோடு வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கைக்கடிகாரத்துக்கும் பேனைக்கும் தோற்பைக்கும் அதைவிடப் பன்மடங்கு கொடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கத்திக்குக் கொடுப்பவர்களும் இருந்துவிட்டுப் போகட்டும். என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு சங்கதி. செய்தவர் 500 டொலர் என்று விலை குறித்து விற்கும் கத்தி, அவருடைய கையை விட்டு நீங்கிய அன்று மாலையே 900 டொலருக்குக் கைமாறுவதுண்டு. இடையில் அந்தக் கத்திக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. யாரும் அதைத் தீட்டவில்லை, மெருகூட்டவில்லை, பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. மேலதிகமான அந்த 400 டொலரில் ஒரு சதமேனும் அதைச் செய்தவருக்குப் போய்ச் சேர்வதுமில்லை. அப்படியானால் அந்தப் பணம் எதற்கான விலை?

வாசகர்களிற் பலருக்கு இந்த உலகம் புதிதாக இருக்கக்கூடும் என்பதால் சிறிது விளக்கம் தேவை. நம்மவர் பேனாக்கத்தி என்றும் வில்லுக்கத்தி என்றும் அழைக்கும் அதே சட்டைப்பைச் சாமான்தான் இது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் அது வேறொரு பிறவி எடுத்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் மைக்கல் வோக்கர் என்ற கைவினைஞர், பிடியின் உட்புறத்திலுள்ள மெல்லிய தகட்டையே வில்லாக்கி, விரிந்த அலகின் அடியில் அதை முட்டுக்கொடுக்க வைக்கும் பூட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். தென்னாபிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ், அந்த உட்தகட்டையும் நீக்கிவிட்டு, தைத்தேனியத்தாலான பிடியின் ஒரு பகுதியையே பூட்டாக மாற்றினார். அவருடைய கத்திக்கு ‘செபென்ஸா’ என்று பெயர். சூலு மொழியில் அதற்கு ‘வேலை’ என்று பொருள். இன்று விற்பனையாகும் விலையுயர்ந்த மடக்குக்கத்திகளில் பெரும்பகுதி இந்த இரு பூட்டுகளில் ஒன்றின் வழித்தோன்றல் எனலாம்.

செபென்ஸாவின் சாதாரண வடிவம் இப்போது ஏறக்குறைய 500 டொலர். தூள் உலோகவியல் முறையில் ஆக்கப்பட்ட உருக்கு, தைத்தேனியம், மயிரிழைப் பிழையும் இல்லாது பொருந்தும் பாகங்கள், இறுதியில் ஒவ்வொரு கத்தியையும் கையிலெடுத்துத் திறந்து மூடிப் பார்த்துச் சரிசெய்யும் ஒரு மனிதர் - இவையெல்லாம் அந்த விலையினுள் அடங்குகின்றன. அது அதிகமா குறைவா என்பது வாங்குபவர் பாடு. ஆனால் அந்த விலையைக் கொடுத்தால் அந்தக் கத்தி கிடைக்கும். சிறிது காலம் காத்திருக்க நேரலாம், அவ்வளவே. விலையுயர்ந்த பொருள் வேறு, தட்டுப்பாடான பொருள் வேறு. இந்தச் சந்தையைப் பற்றிக் கதைப்போர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தட்டுப்பாடு எப்படிப் பிறக்கிறது, எப்படி மறைகிறது என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தில் நல்லதோர் உதாரணம் இருக்கிறது. றிக் ஹிண்டரர் என்பவர் தீயணைப்பு, மீட்புப் பணிகளில் இருந்தவர். தம்மைப் போன்றவர்களின் பாவனைக்கென்று ‘எக்ஸ்.எம்.-18’ என்ற கத்தியை வடிவமைத்தார். தடித்த அலகு, முரட்டுப் பிடி, கையுறை அணிந்த கையாலும் திறக்கக்கூடிய அமைப்பு. படையினரும் பொலிஸாரும் தீயணைப்பாளரும் அவரிடம் நேரடியாக 400 டொலருக்கும் குறைவான விலையில் அதைப் பெறலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. பட்டறை சிறியது. கேள்வியோ பெரியது. 2010ஆம் ஆண்டையொட்டிய காலப்பகுதியில் அதே கத்தி இரண்டாங்கைச் சந்தையில் ஏறத்தாழ இரு மடங்குக்கு விலைபோனது. வேலை செய்பவனுக்கென்று செய்யப்பட்ட கருவியை வேலை செய்பவன் வாங்க முடியாத நிலை. அவனுக்கெனச் சலுகை விலையில் கொடுத்தாலும், அதை வைத்துக் கயிறு அறுப்பதைவிட மறுநாளே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று சந்தை அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தது. கையிலிருப்பது 800 டொலர் என்று தெரிந்த பின்னர் யார்தான் அதனால் தகரப் பெட்டியைக் கிண்டித் திறப்பார்கள்?

பிறகு நடந்ததுதான் பாடம். ஹிண்டரர் தமது வடிவமைப்பை ‘ஸீரோ ரொலரன்ஸ்’ என்ற வணிகப் பெயரில் கத்தி செய்யும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். மூலக்கத்தியைவிடப் பெரிதும் மலிவான கத்திகள் கடைகளுக்கு வந்தன. கூடவே தமது பட்டறையையும் விரிவாக்கினார். இயந்திரங்கள் கூடின, கைகள் கூடின, முகவர்கள் கூடினர். சில ஆண்டுகளுக்குள் அந்த இரு மடங்கு விலை இருந்த இடம் தெரியாமற் போயிற்று. இன்று அந்தக் கத்தியை முகவர் கடையில் குறித்த விலைக்கு வாங்கலாம். பாவித்தது அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. கத்தி தரம் கெட்டுவிட்டதா என்றால் இல்லை. பிந்திய பதிப்புகளில் பாவிக்கப்படும் உருக்கு முன்னையதைவிட மேலானது என்றே விடயம் அறிந்தவர்கள் சொல்வார்கள்.

பண்டம் மேம்பட்டிருக்கிறது, விலை பாதியாகியிருக்கிறது. அப்படியானால் அன்று கொடுக்கப்பட்ட அந்த மேலதிக 400 டொலர் கத்திக்கான விலையாக இருந்திருக்க முடியாது. அது வரிசையில் ஓர் இடத்துக்கான விலை.

நிரம்பல் கூடியபோது மேலதிக விலை மட்டும் மறையவில்லை. வரிசையிலும் ஒரு பகுதி மறைந்தது. இதுவே பலரும் கவனிக்கத் தவறும் விடயம். வரிசையில் நின்ற ஆயிரம் பேரும் கத்தி வேண்டி நின்றவர்கள் அல்லர். அவர்களிற் கணிசமானோர் 400 டொலருக்கும் 800 டொலருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தை வேண்டி நின்றவர்கள். வித்தியாசம் இல்லாது போனதும் அவர்கள் வேறொரு வரிசைக்குப் போய்விட்டார்கள். நம் நாட்டவர்க்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் காத்திருந்தவர்களில் எல்லோரும் வாகனம் ஓட்டுவதற்காக நின்றவர்கள் அல்லர் என்பதும், போத்தலில் ஊற்றி விற்பதற்காக நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதும் யாவரும் அறிந்தது. பெற்றோல் அத்தியாவசியம், 500 டொலர் கத்தி ஆடம்பரம். ஒப்பிடுவதே பாவம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வரிசையின் இயல்பு மட்டும் இரண்டிடத்தும் ஒன்றுதான்.

சரி, இவ்வளவு பேர் 900 டொலர் கொடுக்க ஆயத்தமாக இருக்கும்போது கைவினைஞர் தாமே 900 டொலர் என்று விலை குறித்தால் என்ன? பொருளியல் பாடநூல் அப்படித்தான் சொல்லும். ஆனால் பாடநூலுக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள். டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்று புகழ்பெற்றது. ரொறன்ரோ, வன்கூவர் நகரவாசிகளைத் தொலைபேசியில் அழைத்துப் பல கேள்விகளைக் கேட்டார்கள். அவற்றிலொன்று: 15 டொலருக்குப் பனி அள்ளும் சவளை விற்றுவந்த கடைக்காரர், பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாட் காலையில் விலையை 20 டொலராக உயர்த்துகிறார், இது நியாயமா? பதிலளித்தவர்களில் 82 வீதமானோர் நியாயமில்லை என்றார்கள். கனடாவில் மாரிகாலத்தைக் கழித்த நம்மவர்களும் அவ்வாறே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கத்தி செய்பவரும் இந்த 82 வீதத்தினருக்கு அஞ்சுகிறார். அவருடைய வாடிக்கையாளர்களில் பலர் பெயர் சொல்லி அழைக்குமளவுக்குப் பழகியவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் யாரும் அவரை அறியாத காலத்தில் வாங்கி ஆதரித்தவர்கள். அவர்களிடம் போய், உங்களைவிட அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை. இன்னொரு பயமும் உண்டு. வரிசை இருப்பதாலேயே வரிசை நீள்கிறது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருக்கிறார். பொருளியலாளர் கரி பெக்கர் 1991இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், கலிபோர்னியாவில் எதிரெதிரே இருந்த இரண்டு உணவகங்களைப் பற்றிச் சொல்கிறார். ஒன்றின் வாசலில் எப்போதும் கூட்டம். மற்றையதில் இருக்கைகள் வெறுமை. கூட்டமுள்ள கடைக்காரர் ஏன் விலையை உயர்த்தவில்லை? ஒருவருடைய விருப்பம் மற்றவர்களுடைய விருப்பத்திலும் தங்கியிருக்கும் பண்டத்தில், விலையைச் சற்று உயர்த்தப் போய்க் கூட்டம் முழுவதையுமே இழக்க நேரலாம் என்பது பெக்கரின் விளக்கம். ஆக, வாசலில் நிற்கும் கூட்டமே கடையின் விளம்பரப் பலகை. கத்திச் சந்தையில் மறுவிற்பனை விலையும் அத்தகைய விளம்பரப் பலகைதான். ‘இவருடைய கத்தி வெளியே இரு மடங்குக்குப் போகிறது’ என்ற பேச்சு எந்தப் பத்திரிகை விளம்பரத்தையும்விட வலியது.

விலையால் பங்கிட மனமில்லாவிட்டால் வேறு வழியால் பங்கிட வேண்டும். ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லாண்டா நகரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் ‘பிளேட் ஷோ’ கண்காட்சியில் அந்த வழிகளையெல்லாம் ஒரே மண்டபத்தில் பார்க்கலாம். சிலர் திருவுளச்சீட்டு நடத்துகிறார்கள்: மேசையில் ஒரு பெட்டி, அதில் பெயர்ச்சீட்டுகள், குறித்த நேரத்தில் குலுக்கி எடுத்து, பெயர் வந்தவருக்கு மேசை விலையில் கத்தி. கேட்பதற்கு இதைவிட நியாயம் வேறில்லை. ஆனால் கத்தியில் எந்த நாட்டமும் இல்லாத நண்பரையும் மனைவியையும் அழைத்துவந்து சீட்டுப் போடவைப்பதைத் தடுக்க வழியில்லை. பெயர் வந்தவர் அதே மண்டபத்திலேயே, பத்து மேசை தள்ளி நிற்கும் இன்னொருவருக்கு விற்றுவிடுவதையும் தடுக்க முடியாது. வேறு சிலர் ஏலம் விடுகிறார்கள். விரும்புவோர் தாளில் தொகை எழுதி ஒருவரையொருவர் மிஞ்ச, இறுதித் தொகை முழுவதும் செய்தவருக்கே போகிறது. இதைப் பேராசை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. சீட்டில் வென்று பத்து மேசை தள்ளி விற்றவரைப் பார்த்து அதே வாய் ‘கெட்டிக்காரன்’ என்கிறது! இந்த ஓரவஞ்சனை எனக்கு விளங்கவில்லை. அலகைத் தீட்டித் தீட்டி விரல் நுனி தேய்ந்தவர் பெற்றால் பேராசை, பெயர்ச்சீட்டுப் போட்டவர் பெற்றால் கெட்டித்தனம்.

முற்பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பெயர்களைப் பதிந்து வைக்கும் முறை இவற்றுள் ஆகவும் பழையது, ஆகவும் ஆபத்தானது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட விலையில் இன்றைய உருக்கையும் இன்றைய வாடகையையும் சுமந்துகொண்டு கத்தி செய்ய வேண்டியிருக்கிறது. கையில் வாங்கிய முற்பணம் எப்போதோ செலவாகியிருக்கும். அந்தச் சுமையின் கீழ் நசுங்கி, கடிதங்களுக்குப் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்ட கைவினைஞர்களின் கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அதனாற்றான் விவரமறிந்தோர் இன்று கட்டளைப் புத்தகத்தை மூடிவிட்டு, செய்து முடித்ததை மட்டும் விற்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக நான் போடும் கணக்கு இது. எந்தத் தனிமனிதரையும் பற்றியதன்று. தனியாக வேலை செய்யும் ஒருவர் மாதத்துக்கு நான்கு கத்தி முடிக்கிறார், ஒவ்வொன்றையும் 1,000 டொலருக்கு விற்கிறார் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 48,000 டொலர். உருக்கு, தைத்தேனியம், அரைபட்டி, மின்சாரம், வாடகை, வெப்பப் பதப்படுத்தும் செலவு எல்லாம் போக அவருக்கு மிஞ்சுவது இதில் பாதியாக இருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கத்திகள் 1,800 டொலருக்கு மறுவிற்பனையாகின்றன என்றால், கைமாற்றியவர்களுக்குக் கிடைத்த மொத்த வித்தியாசம் 38,400 டொலர். செய்தவருக்கு மிஞ்சியதைவிட அதிகம். தமது நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காக முகந்தெரியாத மனிதர்களுக்கு அவர் ஆண்டுதோறும் கொடுத்துவரும் நன்கொடை அது. அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால் மாதத்துக்கு நான்கு இரண்டாகும். இந்தியானா மாநிலத்தின் ஷெல்பர்ன் என்ற சிற்றூரில் பூட்டில்லாத பழைய பாணி மடக்குக்கத்திகளைச் செய்து புகழ்பெற்ற ரொனி போஸ் 2020இல் காலமானார். அத்தகைய ஒருவருடைய கை ஓய்ந்ததும் அவருடைய கத்திகள் இனி வரப்போவதில்லை என்பது உறுதியாகிறது, விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தால் பயன்பெறுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தட்டுப்பாடு எல்லாமே ஒரே வகைப்பட்டதன்று. இரண்டு கைகள் மாதத்துக்கு நான்குதான் செய்யும் என்பது இயற்கைத் தட்டுப்பாடு. பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில் நகரில் 2006இல் தொடங்கப்பட்ட ‘கிறேட் ஈஸ்ரேர்ண் கட்லெறி’ நிறுவனத்தின் கதை அதற்கு அடுத்த படி. (1859இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊரும் இதுவே.) எலும்பு, மான்கொம்பு, மரம் ஆகியவற்றாலான பிடிகளோடு நம் பாட்டன் காலத்துப் பேனாக்கத்திகளைச் செய்கிறார்கள். ஒரு வடிவத்தை எடுத்துச் சில வாரம் செய்து, எந்தப் பிடியில் எத்தனை என்ற எண்ணிக்கையையும் வெளியிட்டு, முகவர்களுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போய்விடுவார்கள். அதே வடிவம் மீண்டும் வர ஆண்டுகள் ஆகலாம். விலை பெரும்பாலும் 100 முதல் 150 டொலர் வரை. 2020இல் பெருந்தொற்று மக்களை வீட்டுக்குள் அடைத்த காலத்தில் இவை முகவரிடம் வந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்து, மறுநாள் இரு மடங்குக்கும் மும்மடங்குக்கும் விலை பேசப்பட்டன. முகவர்களும் ஆளுக்கு ஒன்று என்றும், சீட்டுக் குலுக்கியும் பார்த்தார்கள். நிறுவனமோ அவசரப்பட்டு ஆலையைப் பெருப்பிக்கவில்லை. எண்ணிக்கையை மறைக்காது சொல்லிவிடுவதால் இவர்களிடம் எனக்குப் பெரிய குறையில்லை.

மூன்றாவது வகையோடுதான் எனக்குப் பிணக்கு. கொலராடோவின் ‘ஸ்பைடர்கோ’ போன்ற பெரிய நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் தாராளமாகக் கிடைக்கும் கத்தியொன்றையே வேறு உருக்கிலோ வேறு நிறப் பிடியிலோ ஒருமுறை மட்டும் செய்து வெளியிடுவதுண்டு. புதிய உருக்கைப் பரீட்சித்துப் பார்க்க இது நல்ல வழி என்பதை மறுக்கமாட்டேன். அந்நிறுவனம் அதற்காகவே பெயர் பெற்றது. ஆனால் உருக்கும் அதே, வடிவமும் அதே, பிடியின் நிறம் மட்டும் இந்த முகவருக்கே உரியது, இத்தனை நூறுதான் என்று ஊரிலுள்ள வேறு பலரும் தொடங்கிவிட்டார்கள். செய்ய முடியாமையால் வந்த தட்டுப்பாடல்ல இது. செய்யாமல் விட்டதால் வந்தது. வெட்டும் அலகுக்குப் பச்சை நிறப் பிடியும் நீல நிறப் பிடியும் ஒன்றுதான். நீலத்துக்கு 150 டொலர் கூடக் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. தயாரிப்பாளர் தமது முகவருக்கு உச்ச விலை விதிப்பது தன்னளவிற் குற்றமாகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச விலை விதிப்பதும் அவ்வாறே என்று 2007இல், தோற்பொருள் நிறுவனமொன்று சம்பந்தப்பட்ட வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கூறியது. இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. ஆயினும் விலை இறங்காமற் பார்த்துக்கொள்ளும் கதவைத்தான் கத்தி நிறுவனங்கள் ஆர்வத்தோடு பாவிக்கின்றன. இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யாதே என்று முகவரைக் கட்டிப்போடும் நிறுவனங்கள் பல; இதற்கு மேலே விற்காதே என்பவை மிகச் சில. முகவரைத் தாண்டி வாங்கியவர் கைக்குப் போன பின்னர் எவருடைய அதிகாரமும் செல்லாது, பொருள் அவருடையது. அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மறுவிற்பனையாளர் பக்கத்தையும் கேட்காமல் விட்டால் அது பத்திரிகைத் தொழிலுக்கு அழகல்ல. அவர்கள் சொல்வது இது: நாங்கள் பணத்தை முடக்கி, விலை விழும் ஆபத்தையும் ஏற்கிறோம்; அற்லாண்டாவுக்குப் போக முடியாத சிட்னி வாசிக்கும் ஒஸ்லோ வாசிக்கும் கத்தி கிடைப்பது எங்களால்; காத்திருக்கும் பொறுமை இல்லாதவன் பொறுமைக்கு விலை கொடுக்கிறான், இதில் யாருக்கு நட்டம்? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து உண்மைதான். 2022இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட இரண்டாங்கைக் கைக்கடிகார விலைகள் பிறகு சரிந்தபோது கையைச் சுட்டுக்கொண்டோர் பலர். கத்திச் சந்தையிலும் பெருந்தொற்றுக்காலச் சூடு அவ்வாறே தணிந்தது. பழைய கத்திகளை, செய்வது நிறுத்தப்பட்டவற்றைத் தேடிப் பிடித்து, மெய்யானதா என்று சோதித்து, உத்தரவாதத்தோடு விற்கும் நேர்மையான வணிகர்களும் உள்ளனர். அவர்களுடைய இலாபம் உழைப்பின் கூலி. நேற்று வெளிவந்த கத்தியை இன்று விற்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒஸ்லோ வாசிக்கு அது கிடைக்காமற்போனதற்கு, இவரும் வரிசையில் முன்னால் நின்றது ஒரு காரணம்.

நட்டம் யாருக்கு என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. முதலாவது நட்டம் மெய்யாகவே கத்தி பாவிப்பவருக்கு. அதை மேலே பார்த்தோம். இரண்டாவது, போலிகள். 500 டொலர் கத்திக்குப் போலி செய்வதில் இருப்பதைவிட, 900 டொலருக்கு ஏறி, எங்கும் கிடைக்காமல் இருக்கும் கத்திக்குப் போலி செய்வதில் ஆதாயம் அதிகம். செபென்ஸாவுக்கும் எக்ஸ்.எம்.-18க்கும் சில பத்து டொலருக்கு விற்கப்படும் போலிகள் நெடுங்காலமாகவே உலாவுகின்றன. அவற்றிலொன்று மெய்யான பெட்டியோடு சேர்ந்து இரண்டாங்கைச் சந்தைக்குள் நுழைந்தால், தூர தேசத்தில் படத்தைப் பார்த்து வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மூன்றாவது நட்டம் கைவினைஞருக்கே. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தமது வாசலில் நிற்கும் ஆயிரம் பேரைப் பார்த்து ஆயிரம் கத்திக்குக் கேள்வி இருக்கிறது என்று அவர் நம்பிவிடுகிறார். கடன்பட்டுக் கணினியால் இயங்கும் விலையுயர்ந்த இயந்திரம் வாங்குகிறார், ஆட்களைச் சேர்க்கிறார். உற்பத்தி கூடியதும் மறுவிற்பனை விலை இறங்குகிறது. வித்தியாசத்துக்காக நின்றவர்கள் கலைகிறார்கள். எஞ்சியவர்கள் முந்நூறு பேர். ஹிண்டரர் இந்த மாற்றத்தைத் தாங்கி நின்றார். அவருக்குத் தொழிற்பாவனையாளர் என்ற அத்திவாரம் இருந்தது. எல்லோருக்கும் அது இல்லை. இதை உணர்ந்த வேறு சிலரோ இயந்திரம் வாங்க அஞ்சி, வரிசையை வரிசையாகவே வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கஞ்சத்தனம் என்று திட்டுவது எளிது. வரிசையில் மெய்யானவர் எத்தனை பேர் என்று அறிய அவர்களிடம் என்ன கருவி இருக்கிறது?

உருக்கு விடயத்திலும் இதே பதற்றம் அண்மையில் எட்டிப்பார்த்தது. லரின் தோமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் அறிமுகமான ‘மக்னாகட்’ என்ற உருக்கு, கூர்மை நிலைத்தல், முறியாமை, துருப்பிடியாமை மூன்றையும் ஒருங்கே தருவதாகப் பாராட்டப்பட்டது. அதை ஆக்கிவந்த, நியூயோர்க் மாநிலத்துக் குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதும், இனி மக்னாகட் கிடையாது, இருப்பதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள் என்ற குரல்கள் எழுந்தன. 2025இல் பிரெஞ்சு நிறுவனமான எராஸ்டீல் அதன் உரிமைகளை வாங்கியது, உருக்கு தொடர்கிறது. பதுக்கியவர்கள் பதுக்கியதை வைத்து வெங்காயம் வெட்டட்டும்.

இதற்கிடையே சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள யாங்ஜியாங் நகரம் ஓசையின்றி ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது. போலிகள் மட்டுமே அங்கிருந்து வருகின்றன என்று இன்னமும் நினைப்பவர்கள் பத்து ஆண்டு பின்தங்கியிருக்கிறார்கள். அங்குள்ள சில நிறுவனங்கள் தமது சொந்தப் பெயரிலும், மேலைநாட்டு வடிவமைப்பாளர்களுக்கு உரிமப்பணம் கொடுத்தும் செய்யும் தைத்தேனியக் கத்திகள் 200 முதல் 300 டொலருக்குக் கிடைக்கின்றன. பொருத்தத்தின் நுட்பத்தில் அவை 500 டொலர் கத்திக்குச் சளைத்தவையல்ல. அமெரிக்காவின் சிறு பட்டறைகள் இனிமேல் நுட்பத்தை மட்டும் காட்டி விற்க முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது. செய்தவரின் பெயரும் கையும்தான் அவற்றின் முதல். அந்த முதலுக்கான வட்டியை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போக விட்டுவிட்டு, எத்தனை காலம் தாக்குப்பிடிக்கலாம்?

இலண்டன் வாசகர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: இங்கே பேசப்படும் கத்திகளில் ஏறக்குறைய எல்லாமே பூட்டுள்ளவை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அவற்றை எடுத்துச் செல்வது பிரித்தானியச் சட்டப்படி குற்றம். ஆசையோடு வாங்கினால் வீட்டு மேசை இழுப்பறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னதான் செய்யலாம் என்கிறீர்களா? வாங்குபவருக்கு நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. கைமாற்று விலையைக் கத்தியின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். வெளிவந்து ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் விலை நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். செய்பவர் விடயம் சற்றுச் சிக்கலானது. நான் அவர்களிடத்தில் இருந்தால் மாதத்துக்கு முடியும் நான்கில் இரண்டை வெளிப்படையாக ஏலத்தில் விடுவேன். அதில் வரும் மேலதிகப் பணம் என் மணிக்கட்டு ஓயும் காலத்துக்கு. மற்ற இரண்டையும் பழைய விலையிலேயே, முன்னர் வாங்கிய கத்தியைத் தீட்டுவதற்கோ பழுதுபார்ப்பதற்கோ திருப்பியனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் போட்டுக் குலுக்குவேன். கீறல் விழுந்த அலகும் தேய்ந்த பிடியும் ஏமாற்றுவதற்குக் கடினமான சாட்சிகள். ஆண்டு முடிவில் மொத்தம் எத்தனை செய்தேன் என்பதையும் வெளியிடுவேன். அந்த இரண்டிலும் ஒன்று அடுத்த வாரமே 1,800 டொலருக்கு விற்பனைக்கு வரக்கூடும். வரட்டும். விற்றவர் யாரென்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த குலுக்கலில் அவருடைய சீட்டு இராது.